கைக்கு அளவெடுக்கும் கணினி: வாசகர் கேள்விகள், பதில்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், கையை ஸ்கேன் செய்து கணினியில் வடிவமைக்கும் பிரேஸ் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆகிவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. கை, கால்களுக்குத் தாங்கு கருவிகள் செய்து பொருத்தும் ஆர்த்தோட்டிஸ்ட். 23 வருடமாக இதே வேலை. முதல் 14 வருடம் கையில் அச்சு எடுக்கும் மாவும், பிளாஸ்டிக் தகட்டை இளக்கும் சுடுதண்ணீரும்தான். அதற்கப்புறம் ஸ்கேனரும் சேர்ந்துகொண்டது. உங்களுக்கு என்ன பிரச்சினை, பிரேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வேண்டும் என்று முடிவான பிறகு அதை எப்படிச் செய்வது என்பதோடு என் எல்லை முடிகிறது.

கேள்வி: ராத்திரியில் கை மரத்துப்போகிறது. கார்ப்பல் டனல் என்று சொல்லி மணிக்கட்டுக்குப் பிரேஸ் போடச் சொன்னார்கள். கடையில் வாங்கியது கட்டைவிரல் பக்கம் அறுக்கிறது, முன்கையில் தொளதொளவென்று நிற்கிறது. கணினியில் செய்தால் மட்டும் சரியாக உட்கார்ந்துவிடுமா?

பதில்: முதலில், கையில் இருக்கும் பிரேஸைத் தூக்கிப்போட வேண்டாம். உள்ளங்கைப் பக்கத்து உறைக்குள் ஒரு உலோகத் தகடு இருக்கும், அதை வெளியே உருவிப் பாருங்கள். நிறைய பிரேஸ்களில் அந்தத் தகடு மணிக்கட்டை 20, 30 டிகிரி பின்னால் சாய்த்துப் பிடிக்கிற மாதிரி வளைத்திருப்பார்கள். பொருளைப் பிடித்து வேலை செய்ய அது நல்ல நிலைதான். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது ஏற்றதல்ல. கார்ப்பல் டனல் என்பது மணிக்கட்டில் நரம்பு நுழைந்து போகும் சின்னச் சுரங்கம். மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் அதற்குள் நரம்பின் மேல் அழுத்தம் குறைவாக இருக்கும். உங்களுக்குச் சிகிச்சை தருபவரிடம் கேட்டுத் தகட்டை நேராக்கிச் சில நாள் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் புதுப் பிரேஸே தேவைப்படாது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

அது சரிவரவில்லை என்றால்தான் உங்கள் கைக்கென்றே ஒன்று செய்யும் பேச்சு. கடைப் பிரேஸ் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மணிக்கட்டுச் சுற்றளவு ஒன்றை வைத்துத்தான் வருகிறது. மணிக்கட்டு மெலிந்து முன்கை தடித்தவர்கள் உண்டு, அதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மணிக்கட்டு பெரிய அளவு கேட்கிறது, முன்கை சிறிய அளவு கேட்கிறது.

கணினி வழியில் வேலை இப்படி நடக்கும். ஸ்கேனர் கையைச் சுற்றி வந்து தோலின் வடிவத்தை லட்சக்கணக்கான சின்ன முக்கோணங்களாகப் பதிவு செய்யும். நல்ல ஸ்கேனர் அரை மில்லிமீட்டருக்குள் அளந்துவிடும். அந்த வடிவத்தின் மேல் பிரேஸின் ஓரம் எங்கே வர வேண்டும் என்று கோடு வரைவோம். கோட்டுக்கு உள்ளே இருக்கும் பரப்பை, உள்ளே ஒட்டும் மெத்தைத் துணியின் கனத்துக்கு ஏற்றபடி தோலிலிருந்து சற்றுத் தள்ளி, அதற்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன் கொடுப்போம். வெல்க்ரோ பட்டை நுழையும் துளை, காற்றோட்டத்துக்கு ஓட்டைகள், ஓரங்களை உருட்டுவது எல்லாம் அதற்கப்புறம். கடைசியில், பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகச் சேர்த்து உருவம் செய்யும் 3டி பிரின்டருக்கு அனுப்புவோம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. ஒரு தையல்காரப் பெண்மணிக்குச் செய்ததைச் சொல்கிறேன். உள்ளங்கையை மேலே பார்த்து வைப்பது அவருக்கு வசதியாக இருந்தது, அப்படியே ஸ்கேன் எடுத்தேன். பிரேஸ் அச்சாகி வந்ததும் போட்டுப் பார்த்தோம், தோலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி உட்கார்ந்தது. இருவருக்கும் பெரிய சந்தோஷம். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டுக்கு மேலே, ஒரு நாணயம் அளவுக்குச் சிவந்து, தொட்டாலே சுருங்கினார்.

உங்கள் கையையே பாருங்கள், ஏன் என்று புரியும். உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வையுங்கள். மணிக்கட்டின் முதுகில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு எலும்பு மேடு எழுந்து நிற்கும். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, மெதுவாக உள்ளங்கையை மேலே திருப்புங்கள். மேடு விரலுக்கு அடியிலேயே அமுங்கிக் காணாமல் போகும். நான் ஸ்கேன் எடுத்தபோது அந்த மேடு மறைந்திருந்தது. அவர் துணியை மெஷினுக்குள் தள்ளக் கையைக் கவிழ்த்ததும் மேடு எழுந்து, பிரேஸில் இடமில்லாமல் இடித்தது. ஸ்கேன் துல்லியமாகத்தான் இருந்தது. நான்தான் தவறான நிலையில் கையை வைத்து எடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து, ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் கையைத் தொடுவேன். எலும்பு மேடுகளைத் தடவி, கழுவினால் போகிற பேனாவால் வட்டமிடுவேன். வண்ணத்தோடு பதிவு செய்யும் ஸ்கேனரில் அந்த வட்டங்கள் அப்படியே திரையில் வரும். வண்ணம் தெரியாத ஸ்கேனர் என்றால், சின்னப் பஞ்சு ஒட்டியை வைத்தால் புடைப்பாகத் தெரியும். அந்த இடங்களில் பிரேஸை 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை வெளியே தூக்கிவிடுவேன். எலும்பை விடப் பெரிய வட்டமாக, ஓரம் மெல்லச் சரிந்து இறங்குகிற மாதிரித் தூக்க வேண்டும். குழி செங்குத்தாக இருந்தால் அதன் விளிம்பே புதுசாக வெட்டும்.

சிலர் இடிக்கிற இடத்தில் உள்ளே பஞ்சு ஒட்டிக்கொள்கிறார்கள். இடம் விடாமல் பஞ்சு வைத்தால் இடைவெளி இன்னும் குறையும், அழுத்தம் கூடும். முதலில் இடம், அப்புறம்தான் பஞ்சு.

கேள்வி: குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு இருக்குமா?

பதில்: இருக்காது. பிரேஸுக்கு எடுக்கும் ஸ்கேன் வெறும் வெளிச்சம்தான். தோலின் மேல் ஒளிக்கோலம் விழும், கேமரா அது எப்படி வளைகிறது என்று பார்க்கும். சிரமம் வேறு இடத்தில்: பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலைதான், ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட நேரம். முழங்கையை மேசையில் ஊன்றி, விரல் நுனியை அம்மாவோ அப்பாவோ பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். பிடிக்கிற விரல்களும் பதிவாகும், அவற்றைப் பின்னால் அழித்துவிடலாம்.

கேள்வி: மெக்கானிக்கல் என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவுக்குக் கட்டைவிரல் அடியில் தேய்மானம், ஸ்ப்ளின்ட் (மூட்டு அசையாமல் பிடிக்கும் பிரேஸ்) போடச் சொல்லியிருக்கிறார்கள். போனில் ஸ்கேன் செய்து, இலவச மென்பொருளில் 2 மில்லிமீட்டர் தடிமனில் வடிவமைத்தேன். முதலில் கோப்பு ஒரு புள்ளியாகத் திறந்தது. அளவைச் சரிசெய்து பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்டேன். ஒரு வாரத்தில் மணிக்கட்டுக்குக் குறுக்கே பிளந்துவிட்டது. இன்னொன்று அச்சிட்டேன், வெயிலில் நின்ற காருக்குள் வைத்ததில் கோணிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்காக உட்கார்ந்து இவ்வளவு செய்திருக்கிறீர்கள். அதனால் ஒவ்வொன்றாகவே சொல்கிறேன்.

புள்ளியாகத் திறந்ததற்குக் காரணம், 3டி வடிவத்தைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பு. அதில் எண்கள்தான் இருக்கும், அலகு இருக்காது. 1987-ல், 3டி அச்சு பிறந்த காலத்தில் உருவான வடிவம் அது. நிறைய போன் செயலிகள் மீட்டரில் எழுதும், அச்சு மென்பொருள் அதையே மில்லிமீட்டராகப் படிக்கும். கை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நீங்கள் புள்ளியைப் பார்த்ததால் பிழை தெரிந்தது. சதவிகிதத்தில் சிறிய பிழை என்றால் கண்ணுக்குத் தெரியாது, கையில்தான் தெரியும். அதனால் ஸ்கேனுக்கு முன்னால் தையல் டேப்பால் மூன்று இடத்தில் சுற்றளவு எடுங்கள்: மணிக்கட்டில் ஒன்று, அதற்கு 10 சென்டிமீட்டர் மேலே ஒன்று, விரல்களின் அடி முட்டிகளைச் சுற்றி ஒன்று. திரையில் அதே மூன்று இடங்களை அளந்து ஒப்பிடுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேனராக இருந்தாலும் நான் டேப் இல்லாமல் எடுப்பதில்லை.

பிளந்தது ஏன்? நீங்கள் ஸ்ப்ளின்டை நிற்க வைத்து அச்சிட்டிருக்க வேண்டும். அச்சாகும்போது முட்டுக்கொடுக்கும் தாங்கு கட்டைகள் குறையும், மேற்பரப்பு வழவழப்பாக வரும் என்று எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படி அச்சிட்டால் அடுக்குகள் வளையல் மேல் வளையல் வைத்த மாதிரி அமையும். மணிக்கட்டு மடங்கப் பார்க்கும்போதெல்லாம் விசை வளையல்களைப் பிரித்து இழுக்கும். இழை உருக்கி அச்சிடும் பிரின்டரில் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள ஒட்டுதான் பலவீனமான இடம். படுக்க வைத்து அச்சிட்டால் அடுக்குகள் கையின் நீளத்தோடு ஓடும். தாங்கு கட்டைகளைப் பிய்த்து, உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை கூடும். அந்த வேலையைச் செய்யுங்கள்.

தடிமனைப் பற்றி உங்களுக்கே பாடத்தில் வந்திருக்கும். தகடு வளையாமல் நிற்கும் வலு, தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 2 மில்லிமீட்டரை 3 ஆக்கினால் எடை ஒன்றரை மடங்கு, விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல். எல்லா இடத்திலும் 3 தேவையில்லை. மணிக்கட்டு மடிப்பைத் தாண்டும் இடத்தில் மட்டும் 3 வைத்து, முன்கை நோக்கிப் போகப் போக மெலிய விடுங்கள். ஓரத்தை வெளிப்பக்கம் லேசாக மலர்த்திவிட்டால் விறைப்பும் கூடும், தோலையும் வெட்டாது.

கோணியதற்குக் காரணம் பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். மூடிய காருக்குள் வெயில் நேரத்தில் அது சாதாரணச் சூடு. பெட்ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் என்றால் 80 டிகிரி பக்கம் வரை தாங்கும். நாங்கள் நீண்ட நாள் போடுவதற்குப் பெரும்பாலும் பொடியை உருக்கி ஒட்டும் முறையில் நைலான் 12-ல் செய்கிறோம். அதில் எந்தப் பக்கம் வளைத்தாலும் வலுவில் பெரிய வித்தியாசம் இருக்காது, தாங்கு கட்டையும் கிடையாது.

ரெசினில் (ஒளி பட்டு இறுகும் திரவத்தில்) அச்சிட்டு அம்மா கையில் போட வேண்டாம். முழுதாகக் காயாத ரெசின் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும், ஒரு முறை வந்தால் அது போகாது. எந்தப் பொருளாக இருந்தாலும், தோலில் படுவதற்கு ஐ.எஸ்.ஓ. 10993 முறைப்படி சோதித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளங்கைப் பக்கத்து ஓரம் நேர்கோடாக வெட்டியிருக்கிறது. அம்மாவை விரல்களை மடக்கச் சொல்லிப் பாருங்கள். முட்டிகள் ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் நோக்கிச் சாய்வாக இறங்கும். உள்ளங்கையின் மேல் ரேகையும் அதே சாய்வில்தான் ஓடும். பிரேஸின் ஓரம் அந்த ரேகையைத் தொடாமல் அதே சாய்வில் வர வேண்டும், இல்லாவிட்டால் சுண்டுவிரலை மடக்க விடாது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்ப்ளின்டோடு நான்கு விரல்களும் முழுதாக மூடுகின்றனவா என்று பாருங்கள். கட்டைவிரலின் நுனி மூட்டு தாராளமாக மடங்கட்டும். போட்டுப் பார்த்த பிறகு, ஸ்ப்ளின்ட் எழுதிக்கொடுத்தவரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் நேற்று விழுந்து முன்கை எலும்பு முறிந்துவிட்டது. கனமான மாவுக்கட்டு போட்டு, சில நாளில் மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக 3டி கட்டு இருக்கிறதே, அதை உடனே போடக் கூடாதா? அரிக்கிறது என்று அழுகிறான்.

பதில்: உடனே வேண்டாம். நீங்கள் பார்த்த படங்களின் தொடக்கம் 2013. நியூசிலாந்தின் வெலிங்டனில் மாணவராக இருந்த ஜேக் எவில் தன் கை முறிந்தபோது பட்ட அவதியிலிருந்து அப்படி ஒரு வலைக் கட்டை வடிவமைத்துக் காட்டினார். அழகான யோசனை. அதற்கப்புறம் பலர் அதை நிஜமாகவே செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் முதல் நாட்களில் நான் செய்ய மாட்டேன்.

முறிந்த கை முதல் சில நாட்களில் வீங்கும். இன்று ஸ்கேன் எடுத்து அச்சிட்டு நாளை போட்டால், அது நேற்றைய கைக்குச் செய்தது. உள்ளே வீக்கம் கூடக்கூட, விரியாத கட்டு ரத்த ஓட்டத்தை நெரிக்கும். 1881-லேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மான், இறுக்கமான கட்டால் தசைகள் ரத்தமில்லாமல் செத்து, கை நிரந்தரமாகக் கோணிப்போவதை எழுதிவைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மாவுக்கட்டு 1852-ல் நெதர்லாந்து ராணுவ மருத்துவர் மதைசென் காலத்திலிருந்து இருக்கிறது. கனம்தான், அரிப்புதான். ஆனால் அவசரம் என்றால் நிமிடங்களில் பிளந்து விரிக்கலாம், முறிந்த எலும்பைச் சரியான நிலையில் பிடித்து அப்படியே இறுக வைக்கலாம். இந்த இரண்டு வேலைக்கும் அது இன்னும் நல்ல பொருள்.

அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் சிவப்பாகத் திரும்ப வேண்டும். வலி மருந்தைத் தாண்டி வலி கூடிக்கொண்டே போனாலோ, விரலை மெதுவாக நீட்டிவிடும்போது துடித்தாலோ, மரத்துப்போனாலோ, ராத்திரி எந்நேரமாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

வீக்கம் வடிந்து, எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் படம் பார்த்துச் சொன்ன பிறகு கேளுங்கள். அப்போது இரண்டு ஓடாகச் செய்து, வெல்க்ரோ போட்டு இறுக்கும் பிரேஸ் செய்யலாம். மேற்கை எலும்புக்கு எலும்பு மருத்துவர் சார்மியெண்டோ 1977-ல் விரிவாக எழுதிய பிரேஸ் இந்த வகைதான்: முதல் வீக்கம் வடிந்த பிறகு போடுவார்கள், தசைகள் சுருங்கச் சுருங்க நோயாளியே பட்டையை இறுக்கிக்கொள்வார். உங்கள் மகனுக்கு அது பொருந்துமா என்பது முறிவு எந்த இடத்தில், எந்த வகையில் என்பதைப் பொறுத்தது. அரிப்புக்காகக் கட்டுக்குள் குச்சி, ஸ்கேல் எதையும் நுழைக்க விடாதீர்கள்.

கேள்வி: கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடக்கின்றன. கையை விரித்து வைத்தால்தான் ஸ்கேன் வரும் என்று ஒரு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடது கையை ஸ்கேன் செய்து கணினியில் திருப்பிப் போட்டால் போதும் என்று இன்னொரு இடத்தில் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: அம்மா, விரிக்க முடியாத கையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரேஸ் தேவைப்படுவதே அந்தக் கைக்குத்தான்.

கண்ணாடி மாதிரித் திருப்பிப் போடும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினிக்கு அது ஒரு பொத்தான். காயத்தால் ஒரு கையைத் தொடவே முடியாதபோது எனக்கும் உதவியிருக்கிறது. உங்கள் கணவருக்கு உதவாது. இரண்டு வருடம் அசையாத கையில் தசை மெலிந்திருக்கும், எலும்புகள் மேலெழுந்து தெரியும், மூட்டுகள் இறுகிய கோணம் வேறாக இருக்கும். வேலை செய்யும் இடது கையின் அளவில் செய்தால் தொளதொளவென்று கழன்று, எலும்பு மேல் உரசும். உணர்ச்சி குறைந்த கையில் புண் வந்தாலும் அவர் சொல்ல மாட்டார்.

நான் செய்வது இப்படி. ஸ்கேனரை எடுக்காமல், முதல் பத்து நிமிடம் கையை என் இரு கைகளுக்குள் வைத்துக்கொள்வேன். விரல்களை நேரடியாகப் பிரிக்கப் போக மாட்டேன், பிரித்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை முதலில் உள்ளங்கைப் பக்கம் மெல்ல மடக்க வேண்டும். அப்போது விரல்களை இழுத்துப் பிடிக்கும் தசைநார்கள் தளரும், விரல்கள் கொஞ்சம் தாமாகவே விடும். அந்த இடைவெளியில் கட்டைவிரலை அதன் அடியிலிருந்து பிடித்து வெளியே எடுப்பேன், நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அப்புறம் விரல்களைத் தாங்கிக்கொண்டே மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்துவேன். இனி இழுத்தால் எதிர்க்கும் என்று என் விரலுக்குத் தெரிகிற இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடுவேன். அந்த நிலைதான் அவருடைய பிரேஸின் நிலை.

ஸ்கேனர் உள்ளங்கைக்குள் எட்டிப் பார்க்காது, அது உண்மை. கையின் முதுகுப்பக்கத்தையும் முன்கையையும் ஸ்கேனில் எடுத்துக்கொண்டு, உள்ளங்கைக்கு மட்டும் இளகிய அச்சுப் பொருளை வைத்துப் பழைய முறையில் பதிவு எடுப்பேன். அது இறுகியதும் வெளியே எடுத்து அதை ஸ்கேன் செய்வேன். அது அசையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டையும் கணினியில் சேர்த்தால் முழுக் கை கிடைத்துவிடும்.

இங்கேதான் கணினி தன் உதவியை முழுதாகக் காட்டும். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு கை இன்னும் 5 டிகிரி விட்டுக்கொடுத்தால், அவரை மறுபடி அந்த அச்சுக்கு உட்கார வைக்க வேண்டியதில்லை. கோப்பில் மணிக்கட்டை 5 டிகிரி திருப்பி அடுத்த பிரேஸ் அச்சிடலாம். 10 டிகிரிக்கு மேல் போனால் தோல் மடிப்புகள் மாறிவிடும், அப்போது புதிதாகத்தான் எடுப்பேன்.

பிரேஸ் போட்டால் மட்டும் கை திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பயிற்சி செய்பவரும் டாக்டரும் கூட இருக்க வேண்டும், இறுக்கத்துக்கு மருந்தோ ஊசியோ தேவைப்படலாம். ஆனால் நகம் உள்ளங்கையைக் குத்தாமல், உள்ளே வியர்வை தேங்காமல், தினமும் கையைக் கழுவித் துடைக்க இடம் கிடைத்தாலே அது பெரிய நிம்மதி. உங்களுக்கும் அவருக்கும்.

கேள்வி: புதுப் பிரேஸைக் கழற்றியதும் சிவப்புத் தடம் தெரிகிறது. பழகினால் சரியாகிவிடுமா?

பதில்: 20 நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. அதற்கு மேல் நின்றால் பழகுவதற்காகக் காத்திருக்காமல் செய்தவரிடம் கொண்டுபோங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பார்த்து, பிறகு நேரத்தைக் கூட்டுவது நல்லது. தடத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து சேர்வதற்குள் அது மறைந்துவிடும், எங்கே இடிக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமல் போகும்.

கேள்வி: 30 வருடமாக மாவில் அச்சு எடுத்துப் பிரேஸ் செய்கிறேன். இப்போது வரும் பிள்ளைகள் மாவையே தொடுவதில்லை, திரையிலேயே முடித்துவிடுகிறார்கள். இந்த வயதில் நான் கற்க முடியுமா? இல்லை, என் வேலை முடிந்ததா?

பதில்: ஐயா, நீங்கள் மாவு அச்சை அரத்தால் சீவுகிறீர்களே, முன்கையின் சதைப் பகுதியில் கொஞ்சம் எடுத்து, எலும்பு மேட்டின் மேல் கொஞ்சம் மாவு வைத்து, பிரேஸ் பிறப்பது அந்த இடத்தில்தான். எடுத்த இடத்தில் பிரேஸ் பிடிக்கும், வைத்த இடத்தில் விடும். திரையிலும் இதே இரண்டு வேலைதான். சுட்டியால் அமுக்கினால் சீவுவது, இழுத்தால் மாவு வைப்பது. எங்கே எவ்வளவு என்பது உங்களிடம் இருக்கிறது. பிள்ளைகளிடம் இல்லாதது அதுதான். பொத்தான் எங்கே என்பது அவர்களிடம் இருக்கிறது, அதை ஒரு மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

நான் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படலாம். சீவுவதற்கு முன்னால் ஒரு மாவு அச்சை ஸ்கேன் செய்தேன். வழக்கம்போலச் சீவி முடித்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். எடுத்த இடம் நீலமாகவும் வைத்த இடம் சிவப்பாகவும் மில்லிமீட்டர் கணக்கோடு திரையில் வந்தது. 14 வருடம் கை தானாகச் செய்துகொண்டிருந்ததை அன்றுதான் எண்ணாகப் பார்த்தேன். முன்கையின் உட்புறச் சதையில் 4 மில்லிமீட்டர் எடுத்திருந்தேன். யாராவது கேட்டிருந்தால் 2 என்று சொல்லியிருப்பேன். கட்டைவிரல் மேட்டில் நான் கைவைக்கவே இல்லை என்று நினைத்தேன், அங்கே ஒன்றரை எடுத்திருந்தது. கண் கலங்கிவிட்டது. இப்படிப் பத்து அச்சு பாருங்கள். உங்கள் 30 வருடம் எழுத்தில் வந்துவிடும், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றவும் வேண்டாம். சாதாரணக் கட்டைவிரல் ஸ்ப்ளின்ட் என்றால், 65, 70 டிகிரித் தண்ணீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, துடைத்து, சூடு பார்த்து, கையின் மேலேயே வளைத்து 20 நிமிடத்தில் முடித்துவிடுவேன். வலியோடு வந்தவர் போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவார். அதையே அச்சிட்டால் பிரின்டர் மட்டும் பல மணி நேரம் ஓட வேண்டும். அடிக்கடி உடைந்து அதே பிரேஸ் திரும்பத் திரும்பத் தேவைப்படுபவர், தகடு வளையாத விசித்திர வடிவம் கொண்ட கை, வியர்வை தாங்காத தோல்: இவர்களுக்குத்தான் நான் ஸ்கேனரை எடுக்கிறேன்.

கேள்வி: மகளுக்கு 7 வயது. போன வருடம் செய்த பிரேஸின் கோப்பு எங்களிடம் இருக்கிறது. வளர்ந்துவிட்டாள். அதையே 10 சதவிகிதம் பெரிதாக்கி அச்சிட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். குழந்தைகளின் கை தடிப்பதை விட வேகமாக நீளும். மொத்தமாகப் பெரிதாக்கினால் நீளம் பொருந்தும்போது சுற்றளவு தொளதொளக்கும். பிளாஸ்டிக்கின் தடிமனும் தேவையில்லாமல் கூடும், வெல்க்ரோ துளைகளும் பெரிதாகும், எலும்புக்காக விட்ட குழி எலும்பை விட்டு நகர்ந்துவிடும்.

கோப்பைத் தூக்கிப்போடவும் வேண்டாம். செய்தவரிடம் கொடுங்கள். புது ஸ்கேனைப் பழையதன் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு வளர்ந்தாள், மணிக்கட்டு எந்தப் பக்கமாவது சாயத் தொடங்கியிருக்கிறதா என்று தெரியும். போகும்போது பழைய பிரேஸையும் கையோடு எடுத்துப் போங்கள், கழுவாமல். உட்புறத் துணி எங்கே நைந்து பளபளவென்று இருக்கிறதோ அங்கேதான் அவள் கை அதைத் தள்ளியிருக்கிறது.